அபூர்வ நோய்க்கு டாக்டரைத் தேடும் வழி

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ கன்ட்ரோல் இன்ஜினியரிங்லதானே இருக்கே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். "பேசறேன் சார். ஆனா ஃபேக்டரியில இருக்கிற கன்ட்ரோல் இல்லே, உடம்புக்குள்ள இருக்கிற கன்ட்ரோல்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, ஜனங்களுக்கு உபயோகமா இருந்தா போதும்" என்று அனுமதி கொடுத்தார். அவருக்கு நன்றி.

நான் டாக்டர் அல்ல. மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு அபூர்வமான தைராய்டு குறை இருக்கிறது. அதற்குப் பெயர் கண்டுபிடிக்கவும், தெரிந்த டாக்டரைக் கண்டுபிடிக்கவும், உலகத்தில் யார் அதை ஆராய்கிறார்கள் என்று அறியவும் நாங்கள் போன வழியைச் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டில் வேறு ஏதாவது அபூர்வ நோய் வந்தாலும் தேடுகிற வழி ஏறக்குறைய இதுதான்.

முதலில் தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி டி-4, டி-3 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அதற்கு மேஸ்திரி. இரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற உத்தரவை அதிகமாக அனுப்பும். கூடினால் உத்தரவை நிறுத்திவிடும். ஃப்ரிட்ஜில் இருக்கும் தெர்மோஸ்டாட் மாதிரிதான். ஆகவே டி-4 குறைந்து டி.எஸ்.எச். ஏறியிருந்தால் சுரப்பி சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். டி-4 ஏறி டி.எஸ்.எச். ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் சுரப்பி மிதமிஞ்சி ஓடுகிறது என்று அர்த்தம். நம் ஊர் லேபில் வரும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. டி-4 ஏறியிருக்கும், ஆனால் டி.எஸ்.எச். இறங்கியிருக்காது. நார்மலாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கும். தெர்மோஸ்டாட் கணக்குப்படி இது நடக்கக் கூடாத விஷயம். அறை குளிர்ந்துவிட்டது, மெஷின் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் இன்ஜினியர் முதலில் மெஷினைக் கழற்ற மாட்டான். சென்சாரைப் பார்ப்பான். எங்கள் வீட்டுக் குறையும் அந்த சென்சாரில்தான் இருந்தது.

இதற்குத் தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பு நிலை என்று பெயர். 1967இல் சாமுவேல் ரெஃபெட்டாஃப், டிவிண்ட், டிகிராட் என்ற மூன்று டாக்டர்கள் அமெரிக்காவில் முதன்முதலாக இதை எழுதினார்கள். இரத்த உறவில் திருமணம் செய்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள். காது கேட்காது, பேச்சு வராது, கழுத்தில் வீக்கம். இரத்தத்தில் ஹார்மோன் ஏராளமாக இருந்தும் அது அதிகமாக இருப்பதற்கான அடையாளம் உடம்பில் இல்லை. ஹார்மோன் வருகிறது, உடம்புதான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்த ஊகம் சரி என்று நிரூபணமாக இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1986இல் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் ஜீன் பிடிபட்டது. 1989இல் மூன்றாவது குரோமோசோமில் இருக்கும் பீட்டா ஏற்பி ஜீனில் பிழை இருப்பது தெரிந்தது. 2012இல் ஆல்பா ஏற்பியில் பிழை உள்ள நோயாளியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணா சாட்டர்ஜி குழுவினர் வெளியிட்டார்கள். அது இன்னொரு வகை.

ஜீனில் பிழை என்றால் என்ன என்று என் அம்மா கேட்டபோது நான் தறியைக் காட்டித்தான் சொன்னேன். ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டையில் ஒரே ஒரு துளை இடம் மாறி விழுந்திருக்கிறது. பட்டு நல்ல பட்டு, சரிகை நல்ல சரிகை, நெய்கிறவரும் கைதேர்ந்தவர். ஆனாலும் அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் புட்டாவில் அதே இடத்தில் இழை தப்பும். அதே அட்டையைப் பார்த்து அடுத்த தறிக்கு அட்டை அடித்தால் அங்கேயும் தப்பும். அம்மா உடனே புரிந்துகொண்டார்.

இந்தப் பிழை உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. பெரும்பாலான குடும்பங்களில் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் ஒரு பிரதி போதும். அதனால் சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதால்தான் வந்தது என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 1967இல் பார்த்த அந்த முதல் குடும்பம் விதிவிலக்கு. அங்கே இரண்டு பிரதியும் கெட்டிருந்தது. சுமார் நாற்பதாயிரம் பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிட்யூட்டரியும் கல்லீரலும் பெரும்பாலும் பீட்டா ஏற்பியை நம்பியிருப்பவை. அதனால் அவை ஹார்மோன் போதவில்லை என்று நினைக்கின்றன. இருதயம் பெரும்பாலும் ஆல்பா ஏற்பியை நம்பியிருப்பது. அது பழுதில்லாமல் இருப்பதால் அதிகப்படி ஹார்மோன் முழுவதையும் உணர்ந்து படபடவென்று அடிக்கிறது. ஒரே உடம்பில் ஓரிடத்தில் பஞ்சம், ஓரிடத்தில் வெள்ளம். டாக்டர்கள் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

என் அக்கா மகளுக்குப் பதினொரு வயதில் கழுத்து வீங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடப்பு. வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள் என்று டீச்சர் புகார். டெஸ்ட் எடுத்ததில் டி-4 நார்மலைப் போல இரண்டு மடங்கு. தைராய்டு அதிகம் என்று கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் டி-4 இறங்கியது, டி.எஸ்.எச். பதினெட்டுக்கு ஏறியது, கழுத்து இன்னும் பெரிதாயிற்று. "மாத்திரைக்குக் கேக்கலே, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், இல்லேன்னா ரேடியோ அயோடின் கொடுக்கலாம்" என்று தேதியும் குறித்துவிட்டார்கள்.

அக்கா என்னைக் கூப்பிட்டு அழுதாள். ஏனென்றால் அவளுக்குப் பத்தொன்பது வயதில் இதே வீக்கத்துக்காகத் தைராய்டை எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் மாத்திரை. வழக்கமான அளவில் எத்தனை வருடம் சாப்பிட்டும் அவளுக்கு டி.எஸ்.எச். இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும், "ஒழுங்கா மாத்திரை சாப்பிடறியாம்மா, பொய் சொல்லாதே" என்று திட்டு வாங்கிக்கொண்டு வருவாள். இருபது வருடம் சாப்பிட்டதைச் சாப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். இப்போது மகளுக்கும் அதே பாதை.

நான் மகளின் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே, டி-4 ஏறியிருந்த நிலையில், டி.எஸ்.எச். 3.4 இருந்தது. பூஜ்யத்தில் இருக்க வேண்டிய எண் அது. ஒரு கேள்வியோடு நாங்கள் ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னோம்: "சுரப்பி அதிகமா ஓடுதுன்னா மேஸ்திரி ஏன் இன்னும் உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கார்?"

இனி வழிமுறைக்கு வருகிறேன்.

முதலாவது, டெஸ்ட் சரிதானா என்று பார்ப்பது. முடி உதிர்வதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில மெஷின்களில் தைராய்டு எண்களைத் திரித்துவிடும். இரத்தத்தில் இருக்கும் சில எதிர்ப்பொருள்களும் மெஷினை ஏமாற்றும். ஹார்மோனைச் சுமந்து செல்லும் ஆல்புமின் புரதத்தில் பரம்பரை மாற்றம் இருந்தாலும் டி-4 பொய்யாக ஏறிக் காட்டும். அவர்களுக்கு நோயே கிடையாது, வைத்தியமும் தேவையில்லை. ஆகவே வேறொரு லேபில், வேறொரு முறையில் மறுபடியும் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தோம். எண்கள் மாறவில்லை.

இரண்டாவது, பெற்றோருக்கும் உடன்பிறந்தவருக்கும் அதே டெஸ்ட். சில நூறு ரூபாய்ச் செலவு. ஏனென்றால் பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் கட்டி இருந்தாலும் இதே மாதிரி எண்கள் வரும். இரண்டையும் பிரிக்க எம்.ஆர்.ஐ. முதல் பல சோதனைகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் முன்னால், குடும்பத்தில் இன்னொருவருக்கும் அதே எண்கள் இருந்தால் பரம்பரைக் குறை என்ற பக்கம் தராசு சாயும். என் அம்மாவுக்கு எடுத்தோம். அறுபத்திரண்டு வயது, எந்த மருந்தும் சாப்பிட்டதில்லை. "பூசினாப்பல கழுத்து, லட்சணம்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த கழுத்து அது. அவருக்கும் டி-4 அதிகம், டி.எஸ்.எச். நார்மல். எனக்கு எல்லாம் நார்மல்.

மூன்றாவது, டாக்டர். தைராய்டு பார்க்கும் டாக்டர் ஊருக்கு ஊர் உண்டு. நமக்கு வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பியியலில் டி.எம். படித்தவர். அதிலும் பரிசோதனைக்கூடமும் ஜெனிடிக்ஸ் பிரிவும் சேர்ந்திருக்கும் இடம். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. அங்கே நாளமில்லாச் சுரப்பிக்கு மருத்துவத் துறையும் அறுவைத் துறையும் தனித்தனியாக உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அப்படியே. குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. அது மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அபூர்வ நோய்க் கொள்கையின் கீழ் அமைந்த உயர் மையங்களில் ஒன்று. ஆனால் அந்தக் கொள்கையில் பண உதவி என்பது அதில் பட்டியலிட்ட நோய்களுக்குத்தான். நம் நோய் பட்டியலில் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

போகும்போது ஒரே ஒரு தாளை எழுதிக்கொண்டு போங்கள். இடது பக்கம் தேதி, நடுவில் எண்களும் அவற்றின் அலகும், வலது பக்கம் அப்போது சாப்பிட்ட மருந்து. கீழே குடும்ப மரம். யாருக்குக் கழுத்து வீக்கம், யாருக்கு ஆபரேஷன், யாருக்குக் கரு தங்கவில்லை என்று அதில் குறிக்க வேண்டும். ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிஷம். இருபது வருட ஃபைலைப் புரட்ட அவருக்கு நேரம் இராது. அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜீன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பீட்டா ஏற்பி ஜீனில் பிழை இருப்பது உறுதியாயிற்று. அம்மாவுக்கு, அக்காவுக்கு, அவள் மகளுக்கு. மூவருக்கும் ஒரே எழுத்தில் ஒரே பிழை.

ஜீனில் பிழை அகப்படாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. எல்லா அடையாளங்களும் இருந்தும் பத்தில் ஒரு குடும்பத்துக்கு மேல் இந்த ஜீனில் பிழை தென்படுவதில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

நான்காவது, ஆராய்ச்சியைத் தேடுவது. 1997 முதல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அபூர்வ நோய்களுக்கென்றே பிரான்சில் அதே ஆண்டு தொடங்கிய ஆர்ஃபாநெட் இருக்கிறது. மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளுக்கு 2000இல் அமெரிக்கா ஒரு பதிவேடு தொடங்கியது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டைத் தொடங்கியது. 2009 ஜூன் முதல் புது மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். நோயின் பெயரை ஒரே மாதிரி போட்டுத் தேடினால் போதாது. பழைய பெயர், புதுப் பெயர், ஜீனின் பெயர், கண்டுபிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் போட வேண்டும். நம் நோய்க்கு ரெஃபெட்டாஃப் நோய் என்றும் ஒரு பெயர் உண்டு.

கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியர் யார் என்று போட்டிருப்பார்கள். அவருக்கு நேரடியாக எழுதலாம். பத்து வரி போதும். நாம் எழுதுவதைவிட நம் டாக்டர் எழுதினால் பதில் சீக்கிரம் வரும். ரெஃபெட்டாஃபின் சிகாகோ ஆய்வுக்கூடம் பல்லாண்டுகளாக உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த குடும்பங்களின் இரத்த மாதிரிகளைப் பரிசோதித்தது இப்படித்தான். ஆனால் ஒன்று. ஆராய்ச்சிக்காக மாதிரியை நாமே பார்சல் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு உண்டு, வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் அரசு அனுமதியும் வேண்டும்.

ஆய்வில் சேரும்போது கேட்க வேண்டிய கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். இது வெறும் கவனிப்பு ஆய்வா, மருந்து கொடுக்கும் சோதனையா? இதனால் எனக்கு நன்மையா, அடுத்த தலைமுறைக்கா? நடுவில் விலகலாமா? எனக்குத் தெரிந்த மொழியில் ஒப்புதல் படிவம் உண்டா? தீங்கு வந்தால் யார் பொறுப்பு? 2019ஆம் ஆண்டு விதிகளின்படி மருந்துச் சோதனையால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். எங்களுக்கு இரண்டு கட்டுரைகள் வீட்டையே மாற்றின.

ஒன்று, 1993இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தினர் வெளியிட்டது. இந்தக் குறையுள்ள 18 குடும்பங்களைப் பார்த்தார்கள். குறையுள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் இருந்தன. அதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி டீச்சரிடம் கொடுத்தோம். அதற்குப் பிறகு பிள்ளையை வெளியே நிற்கவைக்கவில்லை. முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

இன்னொன்று, 2004இல் வந்தது. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அஸோர்ஸ் தீவுகளில் ஒரு பெரிய குடும்பம். தாய்க்கு இந்தக் குறை இருந்த தம்பதிகளிடம் கருச்சிதைவு சுமார் 23 சதவீதம். தந்தைக்குக் குறை இருந்த தம்பதிகளிடம் 2 சதவீதம். காரணம் இதுதான்: தாயின் இரத்தத்தில் ஹார்மோன் அதிகம். குழந்தைக்கும் அந்தக் குறை இருந்தால் அது தாக்குப்பிடிக்கிறது. குறை இல்லாத நல்ல குழந்தைதான் அந்த வெள்ளத்தில் தத்தளிக்கிறது. பிறந்தாலும் எடை குறைவாகப் பிறக்கிறது.

அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அம்மாவுக்கு மூன்று கரு தங்கவில்லை. தறியில் உட்கார்ந்ததால் என்றார்கள், கண் திருஷ்டி என்றார்கள், ராசியில்லாதவள் என்று காதுபடவே சொன்னார்கள். அம்மா காமாட்சி அம்மன் கோயிலில் சுற்றாத பிரகாரம் இல்லை. நான் பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லையாம். எங்கள் வீட்டில் எது எதனால் நடந்தது என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் நம் பேட்ச் நண்பர் அனுப்பிய அந்தக் கட்டுரையை நான் வரிவரியாகத் தமிழில் சொன்னபோது, அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ நான் ஒண்ணும் பண்ணலேடா" என்றார். முப்பத்தைந்து வருடப் பாரம் அது. எந்த மாத்திரையும் அதை இறக்கியிருக்காது.

நாளை அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆகிக் கர்ப்பமாகும்போது அவளுடைய டாக்டருக்கு இது முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். அதுவும் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். சுரப்பி பத்திரமாக அவள் கழுத்திலேயே இருக்கிறது. கார்பிமசோலை நிறுத்திவிட்டார்கள். படபடப்பு அதிகமானால் மட்டும் அதைத் தணிக்க ஒரு மாத்திரை. இந்தக் குறை உள்ள பலருக்கு வைத்தியமே தேவைப்படுவதில்லை. செய்யக் கூடாததைச் செய்யாமல் இருப்பதுதான் பெரிய வைத்தியம். அக்காவுக்கு எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் அவளுக்குச் சாதாரண அளவு போதாது என்று எழுத்தில் இருக்கிறது. இப்போது அவளை யாரும் பொய் சொல்கிறாய் என்று சொல்வதில்லை.

நண்பர்களே, 1968இல் நம் ஊர் பெற்ற அறிஞர் அண்ணாவைப் புற்றுநோய்க்காக நியூயார்க் வரை அழைத்துப் போனார்கள். 1969 பிப்ரவரி 3ஆம் தேதி அவரை இழந்தோம். இன்று காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. அன்றைக்கு நியூயார்க் டாக்டருக்கு என்ன தெரியும் என்பதை அறிய முதலமைச்சராக இருக்க வேண்டியிருந்தது. இன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டுச் செல்போனிலும் அதே செய்தி வந்து நிற்கிறது. அதைப் படித்து விஷயத்தைத் தமிழில் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் டாக்டராக, லேப் டெக்னீஷியனாக, மருந்துக் கம்பெனியில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று தயார் செய்வோம். யாருக்காவது பெயர் தெரியாத நோய் என்றால், அந்த ஒரு தாளை எழுதிக் கொடுக்கவும், கட்டுரையைத் தேடித் தமிழில் சொல்லவும், வேலூருக்கோ சென்னைக்கோ கூட ஒரு துணையாகப் போகவும் நம்மில் பத்துப் பேர் முன்வந்தால் போதும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் என் தனி வேண்டுகோள்.